மனமிருந்தால் மட்டும்

பாதாதிகேசம் பாடும் புலவர்கள் பாதத்தில் தொடங்கிக் கேசம் வரை புகழ்ந்து ஏறுவார்கள். காலடிக்காரரோ பாதத்தோடு நின்றுவிட்டவர். திரையில் நாயகன் நடந்தால், கேட்கிற ஓசை இவருடையது. ஒலிக்கூடத்துத் தரையில் மணல், சரளை, மரப்பலகை என்று சிறு சிறு கட்டங்கள். சுவரோரம் அறுபது சோடிச் செருப்புகளும் பூட்ஸுகளும். படத்தைப் பார்த்தபடியே நாயகனுக்கு நடப்பார், குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு நாயகிக்கு ஓடுவார், வில்லனுக்குப் படியிறங்குவார். இருபத்திரண்டு ஆண்டுகளில் கதைக்கு வேண்டியதற்கு மேல் ஓரடி வைத்ததில்லை. நடந்தது யார் என்று எவரும் கேளாதிருப்பதே அந்தத் தொழிலின் வெற்றி என்றால், அவரைப் போல் வென்றவர் இல்லை.

அப்படிப்பட்ட துறவிக்கும் ஓர் ஆசை மிச்சமிருந்தது. ஆண்டுதோறும் திரைப்பட விருதுகள் நெருங்கும்போது, ஒலிக்கூடத்துக் குறிப்புத்தாளின் பின்பக்கத்தில் ஓர் ஏற்புரை எழுதுவார். காலடிக்கென்று விருதே கிடையாது என்பது தெரியும்; தெரிந்தே எழுதுவார். முதலில் இறைவணக்கம், அடுத்து அவையடக்கம், பின்பு நன்றி. மேடையில் நாற்பத்தைந்து நொடிதான் தருவார்கள் என்பதால், ஆண்டுக்கு ஒரு சொல்லாக இழைத்து இழைத்து அதை மணிபோல் ஆக்கி வைத்திருந்தார். குளியலறையில் வாளியை அவையாகக் கொண்டு சொல்லிப் பார்ப்பார்.

"தண்ணி வீணாப் போகுது. சீக்கிரம் விருதை வாங்கிட்டு வெளிய வாங்க!" என்று மனைவி கதவைத் தட்டுவார்.

இவ்வாண்டு, சிறந்த ஒலிக்கான விருதுப் பட்டியலில் எஞ்சினியர் இடம்பெற்றார். எஞ்சினியர் என்பவர் ஒலிக்கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து ஓசைகளைப் பதிந்து கலப்பவர். குறிப்புத்தாளில் உள்ளதையெல்லாம் ஒலிபெருக்கியில் வாய்விட்டுப் படிப்பார்: "பன்னெண்டாவது நொடி, மூணு அடி, நிக்கணும், மூச்சு விடணும்." ஒருமுறை யாரோ தாளின் ஓரத்தில் 'டீ சொல்லணும்' என்று கிறுக்கி வைக்க, அதையும் அதே குரலில் படித்தார். அதற்கு எந்தச் செருப்பு பொருந்தும் என்று காலடிக்காரர் சற்று நேரம் யோசித்து நின்றார்.

அந்த எஞ்சினியர்தான் ஒருநாள் கண்ணாடிக்கு இப்பால் வந்தார்.

"அண்ணே, மேடை ஏறினா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீங்க நல்லா எழுதுவீங்களாமே, நாலு வரி எழுதிக் குடுங்களேன்."

எழுதுவதற்கு என்ன இருக்கிறது? உரை தயாராகவே இருந்தது. 'பிறருக்காக நடந்த என் கால்களுக்கு' என்பதை 'பிறருக்காகக் கேட்ட என் செவிகளுக்கு' என்று மாற்றினார். பெற்ற மகளைப் பட்டுடுத்தி அனுப்புகிற தந்தையின் முகத்தோடு, வழக்கமான குறிப்புத்தாளிலேயே நொடிக்கணக்கு இட்டு நகலெடுத்தார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். மருத்துவர்களின் கையெழுத்தையே படிப்பவருக்கு இது எம்மாத்திரம்? ஒரே மூச்சில் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"டைரக்டர் இருக்காரு, தயாரிப்பாளர் இருக்காரு, மைக்குக்குக்கூட நன்றி இருக்கு. உங்களை எங்க காணோம்?"

"எனக்கு நானே நன்றி எழுதிக்கிறதா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க? அவரா நெனச்சு சொன்னாத்தான் மதிப்பு."

"அவரா நெனைக்கிற ஆளா இருந்தா உங்ககிட்ட ஏங்க எழுதி வாங்கறாரு?"

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருபுறமும் அவையடக்கம் மறுபுறமும் இழுக்க, இறுதியில் தாளின் ஓரத்தில் பென்சிலால், எறும்பு ஊர்ந்தாற்போல் எழுதினார்: 'இங்கே சற்று நிறுத்தவும். காலடிக்காரருக்கும் ஒரு நன்றி. மனமிருந்தால் மட்டும்.' அன்று முதல் அவருக்கு ஒரே கவலை. எஞ்சினியருக்கு மனம் இருக்குமா?

ஞாயிறு மாலை இருவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார்கள். விருது எஞ்சினியருக்கே கிடைத்தது.

"கம்பளத்துல நடக்கறாரு பாரு, ஒரு சத்தமும் இல்ல," என்று காலடிக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஸ்ஸ், பேசப் போறாரு."

எஞ்சினியர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார், தாளை விரித்தார். தாளைக் கண்டதும் ஒட்டிய நாக்கு விடுபட்டு, பழகிய குரல் வந்துவிட்டது. "முதல் நொடி. எல்லாம் வல்ல இறைவனுக்கு வணக்கம்." காலடிக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். வணக்கம் போயிற்று, செவிகள் போயின, மைக்கும் போயிற்று.

"முப்பத்தோராவது நொடி. இங்கே சற்று நிறுத்தவும்," என்றார் எஞ்சினியர், நிறுத்தவில்லை. "காலடிக்காரருக்கும் ஒரு நன்றி. மனமிருந்தால் மட்டும்."

அவை ஒரு கணம் திகைத்தது. பிறகு கூரை அதிரச் சிரித்துக் கைதட்டியது. அன்று மாலை வேறெந்த உரைக்கும் அத்தனை கைதட்டல் இல்லை.

மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "அதான் சொல்லிட்டாரே!"

"மனமிருந்தால்னு சேத்துச் சொன்னாரே."

"அது நீங்க எழுதினது."

"சரி, அவருக்கு மனசு இருந்துச்சா, இல்லையா?"

"அதை நீங்க தாள்ல எழுதலையே."

மறுநாள் காலை எஞ்சினியர் முகமெல்லாம் பல்லாக ஒலிக்கூடத்துக்கு வந்தார். "அண்ணே, பேச்சு அமர்க்களம்! நடுவுல எதுக்குச் சிரிச்சாங்கன்னுதான் புரியல." காலடிக்காரர் சுவரோரத்திலிருந்து ஒரு சோடி பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து பூட்ஸின் கயிற்றை இறுக்கினார்.

திரையில் ஓர் அதிகாரி அறைக்குள் நுழைந்தார். "ஏழாவது நொடி," என்றது ஒலிபெருக்கி. "நாலு அடி, நிக்கணும்."

நான்கு அடி நடந்தார். அதிகாரி நின்றுவிட்டார், காலடிக்காரர் நிற்கவில்லை. ஐந்தாவதாக ஓர் அடியை, பலகை அதிர, நிதானமாக வைத்தார்.

"அண்ணே, ஓரடி கூட விழுந்துடுச்சே. வெட்டிடவா?"

"மனசிருந்தா மட்டும்," என்றார் காலடிக்காரர்.

கண்ணாடிக்கு அப்பால் எஞ்சினியர் குனிந்து, அந்த வரி தாளில் எங்கே இருக்கிறதென்று தேடத் தொடங்கினார்.