தம்பி அனுப்பிய பதினாறு ஸ்பிரிங்குகள்

பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டும் அந்தப் பட்டறையில் அவளை எல்லாரும் ‘ஸ்பிரிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். திறந்த வால்வைக் கண்ணிமைக்கும் முன் இழுத்து மூடுகிற ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அமுக்கி அளந்து, ஒரே பலமுள்ளவற்றை ஒரு செட்டாகச் சேர்ப்பது அவள் வேலை. பலம் குறைந்தால் உச்ச வேகத்தில் வால்வு சரியாக மூடாது. கூடினால் வால்வைத் தள்ளித் திறக்கிற கேம் தேய்ந்துபோகும்.

அவளுடைய தம்பிதான் பட்டறையின் ஓட்டுநர். மூன்று வருடத்துக்கு முன், பந்தயத்துக்கு முதல் நாள், “இந்த ஸ்பிரிங்கெல்லாம் தளர்ந்துபோச்சுடா, மாத்திடறேன்” என்றாள்.

“நல்லா ஓடுற வண்டிய ஏன் நோண்டுற? விடுக்கா.”

மறுநாள் முதலாவதாக வந்துகொண்டிருந்தவனுக்குக் கடைசிச் சுற்றில் ஒரு ஸ்பிரிங் முறிந்தது. வால்வு பிஸ்டன்மேல் விழுந்து இன்ஜின் சுக்குநூறானது. அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவன்தான். கடல் தாண்டி வேறொரு அணியில் சேர்ந்தான். போனையும் எடுப்பதில்லை. அந்த ஒரு பேச்சை விழுங்கியிருக்கலாமே என்று அவள் நினைக்காத நாளில்லை.

போன வருடம் ஒரு மதியம் பார்சல் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. ஓடிக் களைத்த பதினாறு ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றிலும் அவனுடைய கோணல் கையெழுத்தில் நம்பர். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அளந்தாள். ஐந்தாம் நம்பரில் முடி போல ஒரு கீறல் தெரிந்தது. முறிவது அங்கிருந்துதான் தொடங்கும். உடனே போன் போட்டாள். எடுத்தான்.

“அஞ்சாம் நம்பர்ல கீறல்டா. மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் பட்டிருக்கு.”

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இங்க யாரும் அளக்குறதில்லக்கா. புதுசு வந்தா அப்படியே மாட்டுறாங்க. பயமா இருக்கு.”

“வந்துடேன்டா.”

“ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அறுபது ஸ்பிரிங்குகளில் பதினாறைப் பொறுக்கி, எண்ணெய் தடவி அனுப்பினாள். ‘முதல்ல மெதுவா ஓட்டிச் சூடேத்து. ஆறினதும் மறுபடி அள’ என்று சீட்டும் வைத்தாள். பந்தயங்கள் முடிந்ததும் அந்த செட் திரும்பி வந்தது. எவ்வளவு பலம் இழந்திருக்கிறது என்று பார்த்தே, இன்ஜினை எப்படி விரட்டியிருக்கிறான் என்று தெரிந்துகொண்டாள்.

போன மாதம் அந்த ஒரு வருடம் முடிந்தது. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் நீண்டுவிட்டதாக அவனே கூப்பிட்டுச் சொன்னான்.

“சரிடா” என்றாள். போனை வைத்துவிட்டு, அவனுக்கு அனுப்ப அடுத்த செட்டைப் பொறுக்க உட்கார்ந்தாள்.