இருபதாம் நாள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஐஸ்காரி என்று பெயர். காலையில் வந்ததும் வாளியில் ஐஸ் நிரப்பிக்கொள்வாள்; மாலை வரை அது அவள் கையை விட்டு இறங்காது. அத்தனை ஐஸைச் சுமந்தும் பேராசிரியைக்கு ஐஸ் வைக்க மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக டெக்னீஷியனாகவே இருந்தாள். நான் பக்கத்து அறையில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கித் தருகிறவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மார்பகத்துச் செல்களை ஜெல்லுக்குள் வளர்ப்பது அவள் வேலை. வெறும் தட்டில் விட்டால் செல்கள் தட்டையாகப் படுத்துவிடும். உடம்புக்குள் அவை அப்படி இருப்பதில்லை. ஜெல்லுக்குள் விட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் காலி இடம் விட்டு, கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளாக நிற்கும். மார்பகத்தில் பால் சுரக்கும் பைகளும் ஏறக்குறைய அப்படித்தானாம். புற்றுநோய் தொடங்கும்போது முதலில் அந்தக் காலி இடம் நிரம்பும், சுற்றியுள்ள சுவர் அப்படியே இருக்கும். அந்தத் தொடக்கத்தைப் பார்ப்பதுதான் எங்கள் கூடத்தின் பிழைப்பு.

அந்த ஜெல் மகா ரோஷக்கார வஸ்து. ஐஸில் இருக்கும்வரை தண்ணீராக ஓடும்; கொஞ்சம் சூடு பட்டால் போதும், குழாய்க்குள்ளேயே உறைந்து மானத்தை வாங்கிவிடும். பிப்பெட்டின் முனைகளைக்கூட அவள் ஃப்ரீசரில் போட்டு வைப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு குமிழி வராமல், எட்டுக் குழித் தட்டில் ஊற்றுவாள். பிறகு உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைப்பாள். நான்கு நாளுக்கு ஒருமுறை ஊட்டத்திரவத்தை மாற்றுவாள். இருபதாம் நாள் ஃபார்மலின் ஊற்றி வளர்ச்சியை நிறுத்தி, சாயம் ஏற்றிப் படம் எடுப்பாள். அதற்கு மேல் போனால் ஜெல் தளர்ந்துவிடும், முடிவை நம்ப முடியாது என்பது பேராசிரியையின் சட்டம். எத்தனை தட்டு வந்தாலும் இருபதாம் நாள் கதை முடிந்துவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருந்தாள். அம்மா போன பிறகு இவளைப் படிக்கவைத்து ஆளாக்கியது அந்த அக்காதான். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு நேரே எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

“உடனே ஆபரேஷன் பண்ணணும்கறாரு டாக்டர். பள்ளிக்கூடம் தொறக்கற நேரம், கடையில நானூறு யூனிஃபார்ம் வெட்டாம கெடக்கு. கொஞ்சம் தள்ளிப் போடலாமாடி?”

இவள் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தாள். மார்பகப் புற்றுநோய் பால்குழாய்க்குள்ளேயே இருக்கிறது, சுவரைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தது. உடனே முகம் தெளிந்துவிட்டது. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

“பாருக்கா. உள்ள பூரா நெரம்பிப்போச்சு, தெரியுதா? இப்ப சுவத்தப் பாரு. ஒரு கீறல் இருக்கா? இதத்தான் நான் தெனமும் பாக்கறேன். அது பாட்டுக்கு அங்கேயே கெடக்கும். யூனிஃபார்ம முடிச்சிட்டு நிம்மதியா வா.”

என் நீள வாயும் சும்மா இருக்கவில்லை. “டாக்டருங்க அப்படித்தாம்மா அவசரப்படுத்துவாங்க. இவங்க பாக்காததா?” என்றேன். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

சில உருண்டைகள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவளும் அதைப் படித்தவள்தான். ஆனால் படித்ததைவிட, பத்தொன்பது வருடமாகத் தன் கண்ணால் பார்த்ததை அவள் நம்பினாள்.

யூனிஃபார்ம் முடிந்தது. அடுத்து மகளின் பரீட்சை வந்தது, அதற்கடுத்து கடையை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இப்படியே பத்து மாதம் ஓடிவிட்டது. அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் அக்கா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்குள் நோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. முன்பே ஆபரேஷன் செய்திருந்தால் பிழைப்பாளா என்று இவள் டாக்டரைத் துளைத்தெடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாளும் வேலைக்கு வந்தாள். அன்று இரண்டு தட்டுகளுக்கு இருபதாம் நாள். ஃபார்மலின் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணே, இருபதாம் நாள் நானே கொன்னுடறேன். அதுக்கப்புறம் இது என்ன செய்யும்னு ஒருநாள்கூடப் பாத்ததில்லையே. அங்கேயே கெடக்கும்னு எந்த தைரியத்துல சொன்னேன்?”

ஒரு தட்டுக்கு மட்டும் ஃபார்மலின் ஊற்றினாள். மற்றதைப் பெட்டியின் அடி அடுக்கில், யார் கண்ணிலும் படாமல் வைத்தாள். பேராசிரியைக்குத் தெரிந்தால் வேலைக்கே உலை என்று எச்சரித்தேன். “தெரியட்டும்” என்றாள்.

முப்பத்தொன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரும்பாலான உருண்டைகள் நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்தன. ஒன்று மட்டும் சுவர் விட்டுப்போய், தையல் பிரிந்த இடத்தில் நூல் தொங்குவதுபோல, வெளியே நீண்டிருந்தது. ஜெல் தளர்ந்ததால் இருக்கலாம் என்றேன், ஆறுதலுக்கு. பேராசிரியையின் பாட்டை நான் பாடியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிப்போனாள். அக்கா கட்டிலில் சாய்ந்து, மகளின் பாவாடை ஓரத்தைக் கையால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். இவள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா ஊசியை நிறுத்தவில்லை.

“அப்ப நீ எத்தன நாள்தான்டி பாத்த?”

“இருபது நாளுக்கா.”

“நான் பத்து மாசம் வெச்சிருந்தேனே.”

திட்டியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, உள்ளே மகள் இருந்த பக்கம் பார்த்தாள். “போகட்டும் விடு. உன்ன நம்பித்தான் அவள விட்டுட்டுப் போறேன். நான் ஏன் தள்ளிப் போட்டேன்னு அவ கேட்டா மட்டும் அந்த இருபது நாள் கணக்கச் சொல்லிடாத” என்றாள், குரலைத் தாழ்த்தி. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

அதிலிருந்து ஐந்தாம் மாதம் அக்கா போய்விட்டாள். பேராசிரியை மாலை வாங்கி வந்தார். முப்பத்தொன்றாம் நாள் விஷயத்தை இவள் அவரிடம் ஒப்புக்கொண்டபோது, சட்டத்தை மீறியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். அதைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

போன வாரம் அக்காவின் மகள் கூடத்துக்கு வந்தாள். அம்மாவின் அளவு நாடா இப்போது அவள் கழுத்தில். அம்மா உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள்.

“சித்தி, இடது பக்கம் ஏதோ கட்டியாட்டம் தட்டுப்படுது. பயப்படணுமா? ஒண்ணுமில்லன்னா வேலைய முடிச்சிட்டு அடுத்த மாசம் பாத்துக்கறேன்.”

ஐஸ்காரியின் கையில் ஜெல் குழாய் இருந்தது. அதை மேஜைமேல் அப்படியே வைத்தாள், ஐஸில்கூட வைக்கவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றாள். “எனக்கு ஒண்ணுமே தெரியாது. எந்திரி, இப்பவே போலாம்.”

இருவரும் போன பிறகு நான் குழாயை எடுத்துப் பார்த்தேன். ஜெல் உள்ளேயே உறைந்து போயிருந்தது.