வெண்பனிப் பாடத்துக்கு வந்த நண்டு

பெப்ரவரி பத்தொன்பதாம் திகதி, புதன்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, முல்லைத்தீவுக் கரையோர முன்பள்ளி ஒன்றின் வாசலில் மீனவர் ஒருவர் குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியொன்றை இறக்கி வைத்தார். பெட்டிக்குள் மீன் இல்லை. நொறுக்கிய ஐஸ் மட்டுமே இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தவள் நான்.

அந்த முன்பள்ளியை நடத்துபவர் என் அண்ணி. பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த என்னை ஒரு கிழமைக்குத் துணையாக அழைத்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை ரீச்சர் என்றும், என்னைச் சின்ன ரீச்சர் என்றும் அழைத்தார்கள். அந்த வாரத்துக்குரிய பாடம் வெண்பனி. காலை எட்டு மணிக்கே மணல் சுடத் தொடங்கும் அந்த இடத்தில் இப்படியொரு பாடத்தை வைத்தது ஒரேயொரு பிள்ளைக்காக.

அவளுக்கு நாலரை வயது. ஐஸ் கொண்டுவந்த மீனவரின் மகள். தாய் கனடாவில் இருந்தார். தகப்பனுக்கும் மகளுக்கும் அப்போதுதான் விசா கிடைத்திருந்தது. அடுத்த மாதம் பயணம். ஆனால் தாய் முழங்கால்வரை வெண்பனிக்குள் நின்று, கைத்தொலைபேசியில் சிரித்துக் காட்டிய நாளிலிருந்து, மகள் கனடாவுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். தாயின் அழைப்பு வந்தால் வலைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை.

“தூக்கிக்கொண்டு போறது பெரிய வேலையில்லை, ரீச்சர்,” என்று தகப்பன் அண்ணியிடம் சொல்லியிருந்தார். “அங்க போய் இறங்கி, தாயைக் கண்டு பயந்து கத்தினா? அவா தாங்கமாட்டா.”

திங்கட்கிழமை நீலத் தாள்களில் பசை பூசிப் பஞ்சு ஒட்டச் சொன்னேன். எல்லோரும் ஒழுங்காக ஒட்டினார்கள். பிறகு, நான் சொல்லாமலே, பஞ்சுக்கு நடுவே பென்சிலால் மீன் கீறத் தொடங்கினார்கள். சூடை, பாரை; ஒருவனுடைய தாளில் வாலோடு ஒரு திருக்கை.

“ஸ்னோவுக்குள்ள மீன் ஏன்?” என்று கேட்டேன்.

“மீன் இல்லாட்டி ஐஸ் என்னத்துக்கு, சின்ன ரீச்சர்?” என்றான் திருக்கை கீறியவன்.

மீனவரின் மகள் மட்டும் பஞ்சைத் தொடவேயில்லை.

செவ்வாய்க்கிழமை கடதாசிப் பொம்மைகளுக்குக் குளிர்ச்சட்டை ஒட்டினோம். பழைய காலுறைகளைக் கையுறைகளாக மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் குத்தி விளையாடினார்கள். அவள் தன் பொம்மைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டைகள் ஒட்டியிருந்தாள். யாரென்று கேட்டேன்.

“அம்மா,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாவை ஏன் ஐஸில போட்டவை?” என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிடித்த மீனை ஐஸில் அடுக்கும் தகப்பனின் மீன்வாடியில் அவள் நாள்தோறும் கண்டது அதுதான்: இறந்தவற்றைத்தான் ஐஸில் போடுவார்கள்.

“அம்மா உயிரோடதான் இருக்கிறா. போனில கதைக்கிறா தானே?”

“மீனும் வாயைத் திறக்கும்,” என்றாள்.

மீன் இல்லாத ஐஸை அவள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று அன்று மாலை அண்ணியிடம் சொன்னேன். அண்ணி தகப்பனிடம் சொன்னார். அப்படித்தான் புதன்கிழமை அந்தப் பெட்டி வந்தது.

ஐஸை ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினில் கொட்டி, வேப்பமர நிழலில் வைத்தோம். பிள்ளைகள் பாய்ந்து விழுந்தார்கள்.

“சீ, மீன் மணக்குது!”

“கனடா ஸ்னோவும் இப்பிடித்தான் மணக்குமோ?”

“மணக்காது,” என்றேன். ஆனால் நானும் வெண்பனியைக் கண்டதில்லை. ஆகவே, “மணக்காது எண்டு நினைக்கிறன்,” என்று திருத்திச் சொன்னேன்.

அவள் எட்டியே நின்றாள். மற்றவர்கள் ஐஸை உருட்டி மனிதன் செய்து, புளியங்கொட்டைக் கண்கள் வைத்தார்கள். மூக்குக்கு மிளகாய். மனிதன் சரியத் தொடங்கியபோது, ஐஸுக்குள்ளிருந்து கருமையாக ஏதோ தெரிந்தது. கல்லென்று நினைத்தேன்.

“நண்டு! செத்த நண்டு!” என்று கத்தினான் திருக்கை கீறியவன்.

பெட்டியின் மூலையில் ஒளிந்திருந்த கடலேரியில் வாழும் சிறிய களப்பு நண்டு அது. நான் கலங்கிப்போனேன். அவளுடைய பயத்துக்குச் சாட்சியை நானே அழைத்து வந்தது போலிருந்தது. எடுத்து எறிய விரும்பினேன். எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்று தெரியவில்லை.

“தள்ளுங்கோ,” என்று சொல்லிக்கொண்டு அவள் வந்தாள். பின்பக்கத்து ஓட்டில் இரு விரல் வைத்துத் தூக்கி, வெயில் பட்ட ஈரமணலில் நண்டை வைத்தாள். குந்தியிருந்து பார்த்தாள். நாங்களும் குந்தினோம். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கால் நடுங்கியது. கண்கள் இரண்டும் மெல்ல எழுந்தன. நண்டு பக்கவாட்டில் புறப்பட்டதும் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு மர வாங்குகளில் ஏறினார்கள். அண்ணியும் ஏறினார்.

“சாகேல்லை,” என்றாள் அவள். “நித்திரை கொண்டிருக்கு.”

“கறி வைப்பமோ?” என்றான் ஒருவன் வாங்கில் நின்றபடி.

“விசரா! இது ஸ்னோவில இருந்து வந்தது!”

காலுறைகளைத் தேடி எடுத்துக் கைகளில் மாட்டிக்கொண்டாள். முழங்கைவரை ஐஸுக்குள் விட்டுத் துழாவினாள். “சின்ன ரீச்சர், அதுக்குச் சட்டையும் இல்லை. அம்மாவுக்குச் சட்டை இருக்கு, என்ன?”

“ஓம்,” என்றேன்.

நண்பகலில் தகப்பன் அவளை அழைத்துப்போக வந்தார். அவள் நண்டை வாளியில் வைத்துக்கொண்டு, “அம்மாவுக்குப் போன் எடுங்கோ,” என்றாள்.

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்க இப்ப சாமம், பிள்ளை. அம்மா நித்திரை.”

“நண்டும் நித்திரைதான் கொண்டது. எழும்பினது தானே? எழுப்புங்கோ.”

அவர் எடுத்தார். திரையில் தலை கலைந்த, பயந்துபோன முகமொன்று தோன்றியது. “என்னப்பா? பிள்ளைக்கு என்ன?”

“அம்மா, உங்கட ஸ்னோவில மீன் இருக்கோ?”

தாய் கண்களைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மகளின் குரலை அவர் எத்தனை நாளுக்குப் பிறகு கேட்கிறாரோ. “இல்லை, குஞ்சு. ஒண்டும் இல்லை.”

“நண்டு?”

“நண்டும் இல்லை.”

“அப்ப நான் கொண்டு வாறன்,” என்றாள். வாளியைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

தகப்பன் தொலைபேசியை மகளிடமே கொடுத்துவிட்டு, வாசல் படலைப் பக்கம் போய் நின்றார். விமானத்தில் நண்டை ஏற்றமாட்டார்கள் என்பதை அன்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. போகும்போது அவள் திரும்பி, “நாளைக்கும் ஐஸ் வேணும், சின்ன ரீச்சர். நண்டு இல்லாட்டியும் பரவாயில்லை,” என்றாள்.

மறுநாள் தகப்பனுக்கு வவுனியாவில் அலுவல். ஆகவே விடிந்ததும் சைக்கிளில் நானே மீன்வாடிக்குப் போனேன்.

“என்ன மீனுக்கு, தங்கச்சி?” என்று கேட்டார், ஐஸ் அள்ளிப் போட்டவர்.

“மீனுக்கில்லை, அண்ணை. பிள்ளையள் விளையாட.”

“விளையாடவோ! பாருங்கோ, நாளைக்கு என்ர லொறியையும் கேக்கப் போயினம்.”

பெட்டியை மூடுமுன் ஐஸுக்குள் கைவிட்டு அடிவரை துழாவிப் பார்த்தேன். நண்டு இல்லை. பெட்டியைக் கரியரில் வைத்துக் கட்டி, ஈரச்சாக்கால் மூடி, உருகுமுன் போய்ச் சேர வேண்டுமென்று வேகமாக மிதித்தேன்.