டப்பாவும் என் இடது காலும்

சமையலறைத் தரையில் ஈரத் தடம் இருந்தது. குளித்துவிட்டுக் காலைத் துடைக்காமல் நடந்தது என் வீட்டுக்காரர்தான் என்று நினைத்து அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன்.

"இப்பத்தான தரையத் தொடச்சேன்? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அந்தோணி நாற்பது வருடம் லோரி ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். தன் காய்ந்த கால்களைப் பார்த்தார், பிறகு தரையைக் கையால் காட்டினார். தடங்கள் குளியலறைப் பக்கமிருந்து வரவில்லை. ஐஸ்பெட்டியிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து நான் நின்ற இடத்துக்கும் வந்திருந்தன. குனிந்து பார்த்தேன். என் இடது பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டு விரலை ஒட்டி, ஒரு பெரிய கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. வலி துளியும் இல்லை.

வலி இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைப் படிக்கும் உங்களுக்கும் என்னைப் போல இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்தால் அந்த நிம்மதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது அறுபத்திரண்டு. மலேசியாவில், செரண்டாவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்த்தேன். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது ஊசித்துளை வழியாகக் கசிகிறதா என்று பார்க்கும் வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஓட்டைக் கையுறை போகாது என்று மேலாளரே சொல்வார். அப்படிப்பட்ட எனக்குத்தான் என் காலில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் அவருடைய ஊரான கோல சிலாங்கூருக்கு வந்துவிட்டோம். டிவி முன்னால் உட்கார்ந்து பொழுதைப் போக்குவது எனக்கு ஆகாது. அப்போதுதான் பார்வதி இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரி அவள், இப்போது உலு யாமில் இருக்கிறாள். அவளுடைய மகள் இங்கிலாந்தில் படித்தபோது பழகிவந்தது. லெட்டர்பாக்சிங் என்று பெயர். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சின்ன நோட்டும், கையால் செதுக்கிய ரப்பர் முத்திரையும், மைத்தட்டும் வைத்துக் காட்டிலோ மலையிலோ ஒளித்துவிட்டு, அங்கே போகும் வழியைத் துப்பாக எழுதிக் குழுவில் போடவேண்டும். தேடிக் கண்டுபிடிப்பவர் தன் முத்திரையை டப்பாவின் நோட்டில் குத்திவிட்டு, டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். பிறகு எடுத்த இடத்திலேயே ஒளித்து வைத்துவிடவேண்டும். பரிசு கிடையாது, பணம் கிடையாது. சீனர், மலாய்க்காரர், நாங்கள் என்று பதினோரு கிழடுகள் குழுவில் இருந்தோம்.

என் முத்திரை ஒரு ரப்பர் சப்பாத்தின் (ஷூ) படம். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர்கள் போடும் அந்தக் கறுப்புச் சப்பாத்தைத்தான் இங்கே மலையேறுபவர்கள் எல்லாரும் போடுகிறார்கள். பள்ளிக்கூட அழிப்பானில் நானே செதுக்கினேன். என் முதல் டப்பாவைக் கோல சிலாங்கூரில் மெலாவாத்தி மலைமேல் ஒளித்தேன். அதற்கு நான் எழுதிய துப்பு இது: "கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி நில். குரங்குக்குப் பயப்படாதே. நாற்பது எட்டு நட. தூங்குமூஞ்சி மரத்தின் வேருக்குள் கையை விடு."

இனிக் கொப்புளத்தின் கதை. ஒரு வருடமாகவே எனக்கு இரண்டு பாதங்களும் மதமதவென்று இருந்தன. பஞ்சுமேல் நடப்பது போல இருக்கும். வயசு என்று விட்டுவிட்டேன். உலு யாமில் ஒரு டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்த நாளன்று, திரும்பும் வழியில் வெந்நீர்க் குளத்துக்குப் போனோம். அங்கே தரையிலிருந்தே சுடுநீர் ஊறிவரும். காலை ஊறவைத்தால் மதமதப்பு போய்விடும் என்று ஊரே சொல்லும். மிதமான தொட்டி உண்டு, சூடான தொட்டி உண்டு, கடைசியில் முட்டை அவிக்கிற தொட்டியும் உண்டு. நான் முட்டைத் தொட்டிக்கு அடுத்ததில் உட்கார்ந்தேன். பார்வதி விரல் நுனியை வைத்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டாள்.

"ஏய் ரோசி, சுடலையா உனக்கு? ஆளு வெந்துருவ போலிருக்கே லா!"

"எஸ்டேட்டுல பொறந்த ஒடம்புடி. இதெல்லாம் தாங்கும்."

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தொட்டிச் சீனக் கிழவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. சூட்டைத் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் காலை நானே அவித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தரையில் தடத்தைப் பார்த்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காமாட் எண்ணெய் (கடல் அட்டையிலிருந்து எடுப்பது, இங்கே எந்தப் புண்ணுக்கும் இதைத்தான் தடவுவோம்) பூசி, துணி சுற்றி, மேலே காலுறை போட்டு மறைத்தேன். "ஆறிருச்சா?" என்று அந்தோணி கேட்டபோதெல்லாம் ஆறிவிட்டது என்றேன். பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. காலுறையைக் கழற்றினால் வாடை. பொய் சொன்னதற்காக அவர் திட்டவில்லை. காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அரசாங்க மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர், என் மகள் வயது இருக்கும். கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொடுவதாகவும், தொடும்போதெல்லாம் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். நான் காத்திருந்தேன்.

"எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?"

"முடிச்சிட்டேன் ஆண்டி."

கண்ணைத் திறந்தேன். அவர் இழையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என் கால் என்னோடு பேசுவதை எப்போது நிறுத்தியது என்று எனக்கே தெரியாது.

இதற்கு நியூரோபதி என்று பெயர் (நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெட்டு உணர்ச்சி மங்கிப்போவது). சீழ் சுண்டு விரல் எலும்புவரை போயிருந்தது. விரலை எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்த பிறகும் கிருமி மேலே ஏறினால்?

"முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம் ஆண்டி. அங்க போகாம பாத்துக்கத்தான் இவ்வளவும்."

அந்தோணி என் பக்கம் திரும்பாமல் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஒரு விரலை அறுத்தால்கூட இந்தக் கால் வலிக்கப்போவதில்லை.

விரலை எடுத்தார்கள். டிபிரைட்மென்ட் (இறந்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) இரண்டு முறை நடந்தது. இன்சுலின் ஊசி போடப் பழகினேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளினிக்கில் மருந்து கட்டவேண்டும். கட்டுகிற தாதி நோராய்னி ஒரு மலாய்ப் பெண். அவர் புதுக் கையுறை மாட்டும்போதெல்லாம் அதை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி ஓட்டை பார்ப்பேன். அவர் சிரிப்பார்.

வாரம் ஒருமுறை நோராய்னி ஒரு வேலை செய்வார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்து, புண்ணின் ஓரத்தைப் பேனாவால் வரைவார். அளவு குறைகிறதா என்று பார்க்க. காலைத் தொட்ட பக்கத்தைத் துடைத்து, உறையில் போட்டு, ஒரு நகலை எனக்குத் தருவார். என் முத்திரை நோட்டில், உலு யாமில் குத்திய பக்கத்துக்கு அடுத்து, அவற்றை வரிசையாக ஒட்டினேன். முதல் வாரம் மாங்கொட்டை அளவு. மூன்றாம் வாரம் முந்திரி. ஆறாம் வாரம் மொச்சை. "சிக்கிட் லாகி, ஆண்டி" (இன்னும் கொஞ்சம்தான்) என்றார் நோராய்னி.

அந்தக் கொஞ்சத்தில்தான் நான் கெடுத்தேன். குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: மெலாவாத்தி டப்பாவைக் காணோம், குரங்கு தூக்கிவிட்டது போல. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தோணி வெளியே போன நேரம் பார்த்து வாடகைக் கார் பிடித்தேன். புண்ணில் பாரம் விழாமல் இருக்கக் கொடுத்த கட்டைச் செருப்பு மலையில் வழுக்கும் என்று கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பழைய ரப்பர் சப்பாத்தை மாட்டினேன். பாதி மலைதான் ஏறியிருப்பேன். எதற்கும் பார்ப்போம் என்று சப்பாத்தைக் கழற்றினேன். கட்டு முழுக்கச் சிவப்பு.

அடுத்த முறை நோராய்னி புதுத் தாளைப் பழைய தாளின்மேல் வைத்துக் காட்டினார். மொச்சை மறுபடி முந்திரியைத் தாண்டியிருந்தது. டாக்டர் சொன்னார்: "இன்னொரு தடவ எலும்புக்குப் போச்சுன்னா விரலோட நிக்காது ஆண்டி."

அன்றைக்குத்தான் அந்தோணி என்னிடம் சத்தம் போட்டார். முப்பத்தைந்து வருடத்தில் மூன்றாவது தடவையோ என்னமோ.

"டப்பா முக்கியமா, காலு முக்கியமா?"

"ரெண்டும்தான்! என்னைய வீட்டுக்குள்ளயே உக்காந்து சாகச் சொல்றீங்களா?" கத்திவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பிறகு கேட்டேன், "நீங்க ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"கெழவங்க வெளையாட்டெல்லாம் எனக்குத் தெரியாது. என் வேலையில்ல அது."

அதற்குப் பிறகு அடங்கினேன். பயத்தில் அடங்கினேன் என்றே சொல்கிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை. திங்கள், செவ்வாய் என்ற கணக்கெல்லாம் போய், இந்தத் தாள், அடுத்த தாள் என்றே நாட்கள் நகர்ந்தன. பார்வதி ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து, நான் உட்கார்ந்தபடியே செதுக்க அழிப்பான்கள் கொடுத்துவிட்டுப் போனாள். வெந்நீர்க் குளத்துக்கு அவள்தான் கூட்டிப்போனாள் என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. "நீயாடி முட்டைத் தொட்டிப் பக்கம் உக்காரச் சொன்ன?" என்று திட்டித்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

ஞாயிறுகளில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அந்தோணி என்னை வீட்டில் விட்டுவிட்டு, மீன் வாங்க ஜெட்டிக்கு (படகுத்துறை) போவார். போனால் ஒன்றரை மணி நேரம். வாங்கிவருவது என்னவோ நான்கு கெம்போங் மீன். "மீனப் புடிச்சிட்டா வர்றீங்க?" என்று கேட்பேன். அவர் சட்டையை மாற்றப் போய்விடுவார்.

முந்திரி மறுபடி மொச்சை ஆனது. மொச்சை பச்சைப் பயறு ஆனது, பயறு எள் ஆனது. பதினேழாம் வாரம் நோராய்னி தாளை வைத்தார், பேனாவைத் திறந்தார், மூடினார். வெறும் தாளை என்னிடம் கொடுத்தார். அதையும் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு மாதம் பொறுத்து, எனக்கென்று அளவெடுத்துத் தைத்த சப்பாத்தோடு மெலாவாத்திக்குப் போனோம். மலைமேல் போகும் வண்டியில் ஏறிக்கொண்டோம். கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பது எட்டு என்று எழுதியவள் நான்தான். நாற்பதில் மரம் தூரத்தில் நின்றது. சுண்டு விரல் சின்னதுதானே என்று நினைத்திருந்தேன். அது இல்லாத கால் எட்டிவைக்க யோசிக்கிறது. ஐம்பத்தாறாவது எட்டில் வேரைத் தொட்டேன்.

டப்பா இருந்தது. மூடியில் குரங்குப் பல் பட்ட தடம், சுற்றிலும் லோரியில் சரக்கைக் கட்டுகிற நைலான் கயிறு. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். நோட்டைத் திறந்தேன். முத்திரைகளுக்குப் பிறகு ஒரு பக்கத்தில் மையில் அமுக்கிய கட்டைவிரல் ரேகை. பக்கத்தில் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழே கோணல் எழுத்தில் ஒரு சொல்: "இருக்கு." அடுத்த ஞாயிறும் ரேகை, "இருக்கு." அதற்கடுத்ததும். பதினான்கு ரேகைகள் எண்ணினேன்.

"ஜெட்டிக்குப் போறேன்னு…"

"ஜெட்டிக்கும்தான் போனேன். டப்பா பொதருல கெடந்துச்சு." அவர் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொன்னா, நானும் வர்றேன்னு கெளம்பிருவ."

நியாயம்தான். கிளம்பியிருப்பேன்.

இப்போது தினம் சாயங்காலம் கைக்கண்ணாடியை வைத்துப் பாதத்தை விரல் விரலாகப் பார்க்கிறேன். சப்பாத்துக்குள் கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று தடவாமல் மாட்டுவதில்லை. குளிக்கிற வெந்நீரில் அந்தோணி முழங்கையை வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கால் வைப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். என் கால் எனக்கு இனித் தானாகத் தெரியப்போவதில்லை. நாளும் தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். தேடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை ஆயிற்றே.

அன்று மலைமேல் பெஞ்சில் உட்கார்ந்து என் சப்பாத்து முத்திரையைக் கையில் எடுத்தேன். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு, இடது காலின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். அந்தோணி மைத்தட்டைப் பிடித்தார். நோராய்னி பார்த்தால் கொன்றுபோடுவார். பெருவிரலை மையில் தொட்டு, அவர் ரேகைகளுக்குக் கீழே நோட்டில் அமுக்கினேன். காகிதம் பட்டது எனக்குத் தெரியவில்லை. காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். கோடு கோடாக, தெளிவாக விழுந்திருந்தது.

அதன் கீழே தேதி போட்டு எழுதினேன்: "இருக்கு."