பபீன் கேட்ட மெஹல்

பபீன் மன்னியன் என் பக்கத்து வயல்காரி. அயர்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் கானமாராவில் யார் வயலில் அறுவடை என்றாலும் முதல் ஆளாக அரிவாளோடு வந்து நிற்பாள். அவள் வயலில் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. "எனக்கு ரெண்டு கை இருக்கு" என்பாள். இருபது வருடம் இந்தத் திமிரைச் சகித்தவன் நான்.

எங்கள் மொழியில் மெஹல் என்று ஒரு சொல் உண்டு. பழைய ஐரிஷில் கதிர் அறுக்கச் சேரும் கூட்டம் என்று பொருள். இப்போது உருளைக்கிழங்கு தோண்டவோ கூரை வேயவோ அக்கம்பக்கம் கூடினாலும் மெஹல்தான். ஆனால் அந்த வீட்டார் வாய்திறந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் வயலில் இறங்குவது அவர்களை அவமதிப்பது.

அந்த ஆகஸ்டில் கல்சுவரிலிருந்து விழுந்து பபீனின் வலக்கை முறிந்தது. ஓட்ஸ் முற்றி நின்றது, மழை நெருங்கிக்கொண்டிருந்தது. கதிர் அழுகினால் குளிர்காலத்துக்குத் தீவனம் இல்லை. பசுவை விற்றுவிட்டு, கால்வே நகரத்தில் தங்கை வீட்டில் போய் ஒடுங்க வேண்டியதுதான். இடக்கையால் அவள் அறுத்துப் பார்த்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு அறுக்க ஆள் வேணும். கூலி தர்றேன்."

அவள் வயதுக்காரன் பார்ட்லிதான் முதலில் சீறினான். "கூலிக்கு ஆள் வேணும்னா கால்வேக்குப் போ. இருபது வருஷமா எங்க வயல்ல அறுத்தியே, ஒனக்கு நாங்க கூலியா குடுத்தோம்?"

அவள் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவாள் என்றே பயந்தேன். போகவில்லை.

"சரிடா. கூலி இல்ல. மெஹல் வேணும். வருவீங்களா, மாட்டீங்களா?"

"இதச் சொல்ல இருபது வருஷமாடி ஒனக்கு!" என்று பார்ட்லி கத்தினான். வாசலே ஆரவாரித்தது.

திங்கள் காலை முப்பத்தொரு பேர் இறங்கினோம். பபீன் வயல் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து எங்களை வறுத்தெடுத்தாள். "கட்டு அவுந்து தொங்குது பாரு! கண்ணு பொடனியிலயா இருக்கு?" நாலு மணிக்குக் கடைசிக் கட்டும் கொட்டகைக்குள் போனது. அதன் பிறகுதான் மழை இறங்கியது. மழையை ஜெயித்துவிட்டோம்!

அவள் அடுப்படியில் நெருக்கியடித்துக்கொண்டு பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும் தின்றோம். உட்கார இடமில்லை. அத்தனை பேரையும் பார்த்து அழுதாள். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது யாரு வயலு?"

"என்னுது" என்றான் பார்ட்லி. "கை ஒடஞ்சவ நீ வந்து என்ன பண்ணுவ?"

"ஒங்கள மேய்க்கக் கை எதுக்குடா? வாய் போதும்!"