லேபிளின் மேல் சந்தனம்

அந்த மேசைக் கணினி மாடலின் வரலாற்றை எழுதி முடித்தபோது ஓர் இடம் மட்டும் காலியாக நின்றது. ‘ஏ’ என்ற முதல் வடிவம் விற்பனைக்கு வந்ததா, விளம்பரத் தாளோடு நின்றுவிட்டதா? பழைய கணினி சேகரிப்பவர்கள் எல்லோரும் வரவில்லை என்றார்கள். அவர்களிடம் இருந்தவை அத்தனையும் ‘பி’. கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார்கள். நானும் அந்த ஜாதிதான்.

சாலைக் கடைத்தெருவில் பூட்டும் கீலும் விற்கும் ஒரு கடையில் அந்த மாடல் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே இருந்தது. ஓட்டம் நின்று பல வருஷம். உள்ளே இருந்த சர்க்யூட் பலகையை எப்போதோ ஒரு மெக்கானிக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். ‘ஏ’யா ‘பி’யா என்று காட்ட மிச்சம் லேபிள்தான். அதன் மேல் சந்தனம், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்து வைத்து விரல் கனத்துக்குக் காய்ந்திருந்தது.

“தராசெல்லாம் கழுவிட்டுத்தான் புதுசா வைப்போம். இது கரண்டு சாமானாக்கும், தண்ணி படப்பிடாது. அதான் மேல மேல வச்சாச்சு” என்றார் கடைக்காரர்.

“பிளக்கைத்தான் எப்பவோ புடுங்கியாச்சே?”

“ஆனாலும் ஒரு பயம் உண்டும் சாரே. இந்தப் பூஜை கழிஞ்சா ஆக்ரிக்காரனுக்கு எடைக்குப் போடணும். பழைய சாமான் வச்சுக்க இடமில்ல.”

சுரண்டலாமா என்றேன். அவர் மனைவி விடவில்லை. “வச்சதை பூஜைக்கு முந்தின நாளுதான் எடுக்கணும்.”

நண்பர்களோடு கல்லாற்றில் குளிக்கப் போவதாக இருந்த நாள் அது. அவர்களைப் போகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

மெல்லிய அட்டையைச் சந்தனத்தின் விளிம்பில் நுழைத்து நெம்பினேன். ஒரே பாளமாக வந்தது. அடியில் லேபிள் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை.

“எல்லாத்தையும் சந்தனம் தின்னுட்டு” என்றார் கடைக்காரர்.

தின்றது அதற்குள்தானே இருக்கவேண்டும்? பாளத்தைத் திருப்பினேன். மஞ்சளில் கறுப்பாக, இடம்வலம் மாறிய ஆங்கில எழுத்துகள். மாடல் எண்ணோடு சேர்ந்திருந்த ‘ஏ’யைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. இடம்வலம் மாறினாலும் அது அதேதான். மாதத்துக்கும் ஆண்டுக்கும் கடைக்காரரே விற்பனைக்கு வைத்திருந்த ஒரு முகக்கண்ணாடியை எடுத்துப் பிடித்தார். ‘பி’க்கு முந்தைய ஆண்டு!

அவர் மனைவி கையை நீட்டினார். “தாங்க, செடி அடிமூட்டுல போடணும். காலு படப்பிடாது.”

“காலும் படாது, தண்ணியும் படாது அக்கா. இதை மட்டும் தரமாட்டேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப பெட்டியையும் கொண்டு போங்க. பூஜை கழிஞ்சு.”

விஜயதசமியன்று ஆட்டோவில் ஏற்றினேன். வெறும் லேபிளின் மேல் புதுச் சந்தனம் வைத்திருந்தார்கள். அதை நான் தொடவில்லை. சேகரிப்பவர்களுக்கு மாதத்தையும் ஆண்டையும் சொல்லவில்லை. ஆளுக்கொரு முகக்கண்ணாடியோடு வீட்டுக்கு வரும்படி மட்டும் எழுதினேன்.