முட்டி திரும்பாது என்று சொன்னவள்

“நோட்டுல முட்டிய வரைஞ்சிட்டா, முட்டி நோவு தெரிஞ்சிடுமா உனக்கு?” என்று அத்தை கேட்டாள். அப்பாவின் அக்கா, எங்கள் ஊரில் நடவுக்குப் போகும் பெண்கள் செட்டை அவள்தான் நடத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். சனிக்கிழமைகளில் விழுப்புரம் வந்து, பஸ் மாறி, கோலியனூர் தாண்டி இருந்த எங்கள் ஊரில் இறங்கும்போதே என் நடை மாறிவிடும். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், மருந்துச் சீட்டானாலும் தாலுகா ஆபீஸ் நோட்டீஸானாலும், “பாப்பா வரட்டும்” என்று எடுத்து வைத்திருப்பார்கள். நான் சொல்லிவிட்டால் அது முடிந்த பேச்சு. அந்த ருசி எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அந்த வாரம் எனக்காக வைத்திருந்தது அம்மாவின் வலது முழங்கால்.

நடவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்வார்கள். கையிலிருக்கும் நாற்று தீர்ந்ததும் பின்னால் கட்டாகக் கிடக்கும் நாற்று முடியைத் திரும்பி எடுக்க வேண்டும். வரிசை போகிற வேகத்தில் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி வைத்துத் திரும்ப யாருக்கும் நேரம் இருக்காது. அம்மா திரும்பினாள். புதைந்த கால் திரும்பவில்லை.

“காலு அங்கியே நின்னுக்கிச்சி, ஒடம்பு மட்டும் திரும்பிக்கிச்சி. உள்ள என்னமோ பெரண்டுக்கிச்சி பாப்பா” என்றாள் அம்மா. விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டச் சொன்னாள் அத்தை. தேவையில்லை, முட்டியைப் படித்து நோட்டில் வரைந்தே இருக்கிறேன் என்றேன். அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டது.

நோட்டில் படம் அழகாகத்தான் இருந்தது. மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு, முன்னால் முட்டிச் சில்லு. அடியில் ‘கீல் மூட்டு’ என்று எழுதியிருந்தேன். டீச்சர் சிவப்பு மையில் ‘நன்று’ போட்டிருந்தார். நான் எழுந்துபோய் வீட்டுக் கதவை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினேன். முட்டியும் இப்படித்தான், மடங்கும், நீளும், அவ்வளவுதான், தோள்பட்டைதான் சுற்றும், திரும்பவே திரும்பாத மூட்டு எப்படிப் பிரளும்? வெறும் தசைப்பிடிப்பு, நடந்தால் சரியாகிவிடும் என்றேன்.

இவ்வளவு சொன்னவள் அம்மாவின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. டவுனுக்கு அழைத்துப் போனால் திங்கட்கிழமை வகுப்பு போய்விடுமே என்ற கணக்கும் எனக்குள் இருந்தது.

திங்கட்கிழமை நான் திண்டிவனம் போனேன். அம்மா முட்டியில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு நடவுக்குப் போனாள். பதினோரு நாள் போயிருக்கிறாள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நான் ஊருக்கு வரவில்லை. வரப்பில் உட்காரச் சொன்ன பெண்களிடம், “எம்பொண்ணு படிச்சிப் பாத்து ஒண்ணுமில்லன்னுட்டா” என்று சொன்னாளாம். பெருமையாகச் சொன்னாள் என்று அத்தை பிற்பாடு சொன்னாள். ‘பெருமையாக’ என்ற அந்த ஒரு சொல்லை அத்தை சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அடுத்து நான் வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து கிடந்தாள். முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு எழும்போது கால் நீளவில்லை. பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. சில்லு இருக்கும் இடம் தெரியாதபடி வீங்கியிருந்தது. கதவைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றைக்கே மாட்டுவண்டி பிடித்து, மெயின் ரோடு வந்து, விழுப்புரத்துக்குப் போனோம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்: “நேத்து வரப்புல வழுக்கி வுழுந்துட்டேங்க.” என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். படித்தவள் நான், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் முதலில் நல்ல காலைப் பிடித்தார். மேசை விளிம்பில் மடக்கித் தொங்கவிட்டு, பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கமாகவும் உள்பக்கமாகவும் மெல்லத் திருப்பினார். முட்டிக்குக் கீழே எலும்பு திரும்பியது. கொஞ்சம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. நீட்டி நிற்கும்போது பூட்டிக்கொள்ளும், மடங்கியிருக்கும்போது இந்த அளவு திரும்பும் என்றார். இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இரண்டு சவ்வு மெத்தைகள் உண்டாம். காலில் பாரம் இருக்கும்போது உடம்பு திரும்பினால் எலும்புகளுக்கு நடுவில் மாட்டிக் கிழியும். கிழிந்த துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் கால் நீளாது. திறந்து எடுக்கத்தான் வேண்டும் என்று பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் முழங்காலை மடக்கி, விரல்களை வைத்து, பாதத்தைத் திருப்பினேன். பாவாடைக்கு உள்ளே எலும்பு நகர்ந்தது. என் காலிலேயே இருந்திருக்கிறது. படம் வரைந்த அன்று இரண்டு தடவை பென்சில் சீவினேன். ஒரு தடவை இதைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

“நீ என்னா சொல்ற பாப்பா? அறுத்தா, திரும்பச் சேத்துல எறங்க முடியுமா?” என்று அம்மா கேட்டாள். இத்தனைக்குப் பிறகும் என்னைத்தான் கேட்டாள். நான் போகலாம் என்றால் போவாள், வேண்டாம் என்றால் அந்தக் காலோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அவள் சொன்ன பொய்யைவிட இந்தக் கேள்விதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். படிக்கப் போனதிலிருந்து அம்மாவிடம் நான் அதைச் சொன்னதே இல்லை.

மறுபடி உள்ளே போனேன். நேற்று இல்லை, வழுக்கியும் விழவில்லை, நடவில் திரும்பியபோது வந்தது, என் பேச்சைக் கேட்டு அந்தக் காலோடு பதினோரு நாள் வேலை செய்தாள் என்று சொன்னேன். டாக்டர் கடிதத்தைத் திரும்ப வாங்கி, அதில் இரண்டு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். அம்மா கேட்டதைக் கேட்டேன். நடப்பது நடக்கலாம், குந்தி உட்காரப் பல மாதம் ஆகும், சேற்று வேலைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். ஒன்றையும் குறைக்காமல் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் “சரி, போலாம்” என்றாள்.

திங்கட்கிழமை காலை பாண்டிச்சேரி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு முழுவதும் எங்களுக்கு. அம்மாவின் கால் அத்தை மடியில் இருந்தது. வளவனூரில் ஏறிய ஒரு அம்மாள் என்ன ஆச்சு என்று விசாரித்தாள். “வரப்புல வழுக்கி…” என்று அம்மா ஆரம்பித்தாள்.

“இல்லீங்க. நடவுல பெரண்டுக்கிச்சி. நான்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லி வேலைக்கு அனுப்பிட்டேன்” என்றேன்.

அத்தை அம்மாவின் காலுக்கு அடியில் துணியை மடித்து வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.